ஒரு வருஷம்தான் என்று வந்தவர்களுக்கு



ஒரு கடிதம் மூன்று வாரமாக என் கைப்பையிலேயே இருக்கிறது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாள். எடுத்து எடுத்துப் படித்ததில் மடிப்பு கிழியத் தொடங்கிவிட்டது. எழுதியவர் சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சொந்த ஊர் விழுப்புரம் பக்கம் ஒரு கிராமம். அரசு கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம், முதல் வகுப்பு. "ஒரு வருஷம் மட்டும் வேலை பார்த்து, கையில் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு எம்.எஸ்சி. சேர்ந்துவிடலாம் என்றுதான் அம்மா வந்தேன். மூன்று வருஷம் ஆகிவிட்டது. எனக்கு இப்போது 24. இனிமேல் படிக்க முடியுமா, இல்லை வயதாகிவிட்டதா? கேட்க ஆள் இல்லை, அதனால் உங்களைக் கேட்கிறேன்" என்று முடித்திருந்தார்.

பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கிழித்துப் போட்டேன். நாலு வரி தைரியம் சொல்லி அனுப்புகிற விஷயமாக அது எனக்குத் தெரியவில்லை. கடிதத்தின் அடியில் இருந்த எண்ணைக் கூப்பிட்டு, "ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா?" என்று கேட்டேன். "வாங்கம்மா, ரூம்லதான் இருப்பேன்" என்றாள். (இனி அவள் என்றே எழுதுகிறேன். என் மகள் வயது.)

சென்னையிலிருந்து பூந்தமல்லி தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது இருபுறமும் தெரிகிற ஆலைகள் பெரும்பாலும் என் கண்ணெதிரே எழும்பியவை. இருங்காட்டுக்கோட்டைக்கு 1996-ல் ஹூண்டாய் வந்தது. இரண்டே வருடத்தில் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொடங்கியது, 2014 நவம்பரில் மூடிவிட்டுப் போனது. தெற்கே ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசான், அப்புறம் டைம்லர் லாரி, ராயல் என்ஃபீல்டு, டயர் ஆலை என்று வரிசையாக வந்தன. ஷிப்ட் மாறுகிற நேரத்தில் இந்தச் சாலையோரம் நின்று பாருங்கள். முன்கண்ணாடியில் ரூட் நம்பர் ஒட்டிய கம்பெனி பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கும். சீருடை போட்ட பிள்ளைகள் தூக்கக் கண்ணோடு இறங்குவார்கள், வேறு பிள்ளைகள் ஏறுவார்கள். இவர்களில் எத்தனை பேர் பட்டதாரிகள் என்று நாம் கேட்டதே இல்லை.

அவள் தங்கியிருப்பது மாடியில் ஒரே அறை. வீட்டுக்கார அம்மா என்னைக் கீழே நிறுத்தி, யார், எந்த ஊர், எதற்கு வந்திருக்கிறேன் என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே விட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. அறையில் நான்கு பெண்கள். ஒருத்தி இரவு ஷிப்ட் முடிந்து வந்து, துப்பட்டாவை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினாள். அதனால் நாங்கள் எல்லோரும் தாழ்ந்த குரலிலேயே பேசினோம். சுவரில் ஓர் ஆணி, அதில் நான்கு அடையாள அட்டைகள் கயிறோடு தொங்கின. ஜன்னல் கம்பியில் சாக்ஸ் காய்ந்தது. கட்டைப் பைக்குள்ளிருந்து அவள் ஒரு புத்தகத்தை எடுத்தாள். ரியல் அனாலிசிஸ். காலண்டர் தாளில் அட்டை போட்டிருந்தாள்.

"உள்ள போன் கொண்டுபோகக் கூடாது, பேனா பேப்பரும் கூடாதும்மா. அதனால ஒரு தியரத்த பஸ்ல படிச்சுக்குவேன். லைன்ல நிக்கும்போது ப்ரூஃப மனசுக்குள்ளயே போட்டுப் பாப்பேன். திரும்பி பஸ் ஏறினதும் எழுதிடுவேன். பாதி நாள் நடுவுல ஒரு ஸ்டெப் விட்டுப்போயிருக்கும்."

அந்த நோட்டைக் காட்டினாள். ஓடும் பஸ்ஸில் எழுதிய எழுத்து. ஒரு பக்கத்தில் எப்சிலான் ஒன்று கோணலாக நீண்டு அடுத்த வரி வரை இறங்கியிருந்தது. அதன் பக்கத்திலேயே, அறைக்கு வந்த பிறகு வேறு மையில், விட்டுப்போன படியைச் சேர்த்திருந்தாள். இந்தப் பெண் மேலே படிக்கத் தகுதியானவளா என்று தெரிந்துகொள்ள எனக்கு வேறு மதிப்பெண் பட்டியல் தேவைப்படவில்லை.

பிறகு ஏன் மூன்று வருடம்? முதல் வருடம் சேர்த்த பணம் அம்மா எடுத்த மகளிர் குழுக் கடனுக்குப் போனது. இரண்டாம் வருடம் தம்பிக்குக் கல்லூரிக் கட்டணம். மூன்றாம் வருடம் பணம் இருந்தது, பயம் வந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் முன்னே போய்விட்டார்கள், புத்தகத்தைத் தொட்டு நாளாயிற்று, வேலையை விட்டால் இந்தச் சம்பளம் மறுபடி கிடைக்குமா என்ற பயம். அறைத் தோழி ஒருத்தி சொன்னதை நான் மறக்க மாட்டேன். அவளும் பட்டதாரி, இயற்பியல். "டிகிரின்னு சொன்னா ரொம்ப நாள் இருக்க மாட்டாங்கன்னு எடுக்க மாட்டாங்களாம். பிளஸ் டூன்னு சொல்லித்தான் சேந்தேன்" என்றாள். மூன்று வருடம் படித்து வாங்கிய பட்டத்தை மறைத்துவைத்து வேலை பார்க்கிறாள் அந்தப் பெண். கேட்டுக்கொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது.

உயர்கல்விக்கு வருகிறவர்களின் விகிதத்தில் தமிழ்நாடு நாட்டின் முன்வரிசையில் இருக்கிறது. 2021-22 ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்கும் 28.4 சதவீதம் என்றால் நமக்கு 47. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர்களின் எண்ணிக்கையிலும் முன்னால் நிற்பது நாம்தான். இதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமையோடுதான் இதையும் சொல்கிறேன்: பட்டப்படிப்பு வரை பிள்ளைகளின் கையைப் பிடித்துக் கூட்டிவருகிற நாம், அந்த வாசலில் கையை விட்டுவிடுகிறோம். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கிய புதுமைப் பெண் திட்டம் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. எத்தனையோ வீடுகளில் கல்யாணப் பேச்சைத் தள்ளிவைத்த ஆயிரம் ரூபாய் அது. ஆனால் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. எம்.ஏ., எம்.எஸ்சி. என்கிற அடுத்த படியில் கால் வைக்கும்போது பெண் தனியாக நிற்கிறாள். தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்கிறது.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. இத்தனை வருடத்தில் இந்தப் பக்கத்தில் அதை எழுதியதில்லை.

நான் ஒரு அரசு பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான். விடுதியில் ஓர் அறைக்கு மூன்று பேர், மெஸ் கட்டணம் மாதக் கடைசியில் பங்கு போட்டு வரும். கட்ட முடியாத மாதத்தில் சீனியர் அக்கா ஒருவர் எங்களுக்கும் சேர்த்துக் கட்டிவிட்டு, அதைப் பற்றிப் பேசவே மாட்டார். பல்கலைக்கழக நூலகம் இரவு 8 மணி வரை திறந்திருக்கும். பெண்கள் விடுதியின் வாயில்கதவை 6.30-க்குப் பூட்டிவிடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரம் ஆண்களுடையதாக இருந்தது. நாங்கள் எழுதிக் கொடுத்தோம், கையெழுத்து வாங்கினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், என் வாழ்க்கையில் என் மூளை முழுசாக எனக்கே சொந்தமாக இருந்தது அந்த இரண்டு வருடம்தான். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு மூன்று நாள் அதனோடேயே இருக்கலாம். சாப்பிடும்போதும் அது, துணி துவைக்கும்போதும் அது. நாலாம் நாள் நூலகத்தில் ஒரு பழைய கெஜட்டில் அதற்குப் பதில் கிடைக்கும்போது, பக்கத்து மேசையில் இருப்பவரை எழுப்பிச் சொல்ல வேண்டும் போலிருக்கும்.

பிஎச்.டி.க்குப் பதிவும் செய்தேன். இரண்டாவது வருடம் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. "ஒரு வருஷம் இடைவெளி விட்டு வந்துவிடுகிறேன்" என்று கைடிடம் சொல்லிவிட்டு ஊருக்கு வந்தேன். திரும்பிப் போகவில்லை. குறிப்பு எழுதிய அட்டைகள் இன்றும் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. "ஒரு வருஷம்" என்ற சொல்லை அந்தக் கடிதத்தில் பார்த்தபோது எனக்கு ஏன் கை நடுங்கியது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அன்று மாலை ஒரகடம் கூட்டுரோட்டில் இன்னொருவரைச் சந்தித்தேன். செய்யாறு பக்கத்துத் தம்பி. அரசு கல்லூரியில் பொருளாதாரம் படித்து, இப்போது ஒரு அரசு பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு ஆய்வு மாணவர். ஒப்பந்தத் தொழிலாளர்களைப் பற்றித்தான் ஆய்வு. களப்பணிக்காக ஷிப்ட் தொழிலாளர்கள் நான்கு பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார். ஐந்து பேருக்கு மூன்று பாய். ஒருவர் எழுந்து வேலைக்குப் போனால் இன்னொருவர் வந்து அதில் படுப்பார். தம்பி இரவில் எழுதுகிறவர் என்பதால் அவர் முறை பகலில் வரும்.

அவருடைய கேள்விப் படிவத்தை முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற தொழிலாளியிடம் கால் மணி நேரம்தான் இருக்கிறது. அதனால் படிவத்தை மூன்றாகப் பிரித்து, ஒரே ஆளை மூன்று நாள் அதே நிறுத்தத்தில் பிடிக்கிறார். மூன்றாம் நாள் அந்த ஆளுக்கு ஷிப்ட் மாறிவிட்டால் மறுபடி ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். உதவித்தொகை ஐந்து மாதமாக வரவில்லை. டீக்கடை அக்கா நோட்டில் எழுதிக்கொள்கிறார், கேட்பதில்லை. இவற்றைச் சொல்லும்போதெல்லாம் தம்பியின் முகம் மாறவில்லை. மூன்றாவது அத்தியாயத்தைப் பற்றிப் பேசும்போதுதான் மாறியது. கைடு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். "'இதுல உன் கோபம் இருக்கு, டேட்டா எங்க'ன்னு கேட்டாருங்க மேடம். எங்க அண்ணன் இதே ஒரகடத்துல எட்டு வருஷம் காண்ட்ராக்ட்ல இருந்தாரு. கோபம் இல்லாம எப்படி எழுதறது?"

தம்பி, உங்கள் கைடு சொன்னதும் சரி, உங்கள் கோபமும் சரி என்று சொன்னேன். கோபம் இருந்ததால்தான் ஒரே ஆளை மூன்று நாள் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்து பிடிக்கிறீர்கள். அந்த மூன்று நாளை எழுதுங்கள், அண்ணன் தானாகவே அதற்குள் வந்துவிடுவார். அத்தியாயத்தை நான்காவது முறையாகத் திருத்திக்கொண்டிருக்கிறார். கைடின் அறை வாசலில் காத்திருந்த நேரத்தைக் கூட்டினால் ஒரு மாதம் வரும் என்றார்.

ஆசிரியரோடு முரண்படுவதும் அவர் வாசலில் காத்திருப்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தவர். கூடப் படித்த கோவிந்தன் அவருடைய சித்தி மகன், சுங்குவார்சத்திரத்திலிருந்து உள்ளே போனால் வருகிற மதுரமங்கலத்துக்காரர். ஒரு நாள் ஆசிரியருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு வேத வாக்கியத்துக்குச் சொன்ன பொருள் பொறுக்காமல் மாணவரின் கண்ணீர் சூடாக ஆசிரியரின் தொடையில் விழுந்தது என்று குருபரம்பரைக் கதை சொல்லும். அந்த ஆசிரியரைப் பிரிந்தார். பிற்பாடு திருக்கோஷ்டியூர் நம்பியிடம் ஒரு பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ள 18 முறை நடந்தார் என்றும் சொல்வார்கள். ஆசிரியரோடு உடன்படாத துணிவும் 18 முறை நடக்கிற பொறுமையும் ஒரே மாணவரிடம் இருந்தன. ஆய்வு மாணவருக்கு இரண்டும் வேண்டும். இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல நாம் வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை.

வெளியூர் என்றதும் நினைவுக்கு வருகிறது. நோக்கியா ஆலையில் வேலை பார்த்த இளம்பெண்களின் வாழ்க்கையை ஆராய மதுமிதா தத்தா என்பவர் வந்தார். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்ட மாணவி. கேள்விப் படிவத்தோடு நிறுத்தாமல் அந்தப் பெண்களின் வாடகை அறைக்குப் போய், அவர்களோடு உட்கார்ந்து பேசி, அந்தப் பேச்சையே சம்யுக்தா என்பவரோடு சேர்ந்து தமிழில் ஒலித்தொடராகப் பதிவு செய்தார். 'மொபைல் கேர்ள்ஸ் கூட்டம்' என்று அதற்குப் பெயர். 2021-ல் ஜுபான் பதிப்பகம் அதை ஆங்கிலத்தில் நூலாகக் கொண்டுவந்தது. வேலை, சம்பளம், காதல், கல்யாணம், ஊர்ப்பேச்சு எல்லாம் அந்த அறைக்குள் வருகிறது. ஆலை மூடிய பிறகும் அந்தப் பேச்சு நமக்கு மிஞ்சியிருக்கிறது. நல்ல ஆய்வு செய்கிற வேலை இதுதான்.

இனி அந்த ஆய்வை லைனில் நிற்கிற பெண்ணே செய்யட்டும் என்பதுதான் என் ஆசை. எந்த மேசையில் எவ்வளவு நேரம் நின்றால் எந்த முட்டி வலிக்கும், எந்த ஷிப்டில் தவறு கூடும், சூப்பர்வைசர் எப்போது குரலை உயர்த்துவார் என்று அவளுக்குத் தெரிந்தது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. அந்த அறிவுக்கு ஒரு முறையையும் ஒரு மேசையையும் ஒரு நூலக அட்டையையும் கொடுக்க வேண்டியது பொதுப் பல்கலைக்கழகத்தின் கடமை. நம் வரிப்பணத்தில் நடப்பது அது. அவளும் வரி கட்டுகிறாள், வாங்கும் ஒவ்வொரு சோப்புக்கும்.

அவள் தினமும் போகிற சாலையிலேயே ஒரு வாசல் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர் என்றால் 1991 மே 21 இரவுதான் நாட்டுக்கு நினைவு வரும். ராஜீவ் காந்தி மறைந்த அந்த ஊரில், 1993-ல் அவர் பெயரில் தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2012-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று. சமூகப்பணி, வளர்ச்சி ஆய்வுகள், உளவியல், பொது நிர்வாகம், கணினி அறிவியல் என்று முதுநிலைப் படிப்புகளும் ஆய்வும் அங்கே உண்டு. வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பிள்ளைகள் வந்து தங்கிப் படிக்கிறார்கள். என்னோடு பேசிய மூன்று பெண்களுக்கும் அந்தப் பெயர்ப் பலகை தெரிந்திருந்தது. "அது ஏதோ கவர்ன்மென்ட் ஆபீஸ்னு நெனச்சோம்" என்றார்கள். நாம்தான் அவர்களுக்குச் சொல்லவில்லை.

ஆகவே மகளே, உன் கேள்விக்கு என் பதில் இது. உனக்கு வயதாகவில்லை. நெட் தேர்வில் உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பே கிடையாது. ஆய்வு மாணவருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகைக்கு உள்ள வரம்பிலும் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. அது கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. முழுநேரமாக எம்.எஸ்சி. சேர்ந்தால் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் தேசிய முதுநிலை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், தேர்வானால் மாதம் 15,000 ரூபாய், வருடத்துக்கு 10 மாதம். வேலையை உடனே விட முடியாது என்றால் அஞ்சல் வழி இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1981 முதல் அதை நடத்துகிறது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதல் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் வாங்கும் பட்டம் நேரடி வகுப்புப் பட்டத்துக்குச் சமம் என்று யு.ஜி.சி. 2022-ல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. கூட்டுரோட்டில் நோட்டீஸ் கொடுத்து "ஒரே வருஷத்துல டிகிரி" என்கிறவர்களிடம் மட்டும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே. சேருமுன் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் அந்த வருடம் அனுமதி உண்டா என்று யு.ஜி.சி. பட்டியலில் பார்.

பிஎச்.டி. பற்றியும் கேட்டாய். யு.ஜி.சி.யின் 2022 விதிகளின்படி குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. பெண்களுக்கு மேலும் 2 வருடம் கேட்டுப் பெறலாம். பேறுகால, குழந்தை பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் செய்யலாம். இந்த 240 நாளும் இரண்டு வருடமும் என் காலத்தில் இருந்திருந்தால் எங்கள் வகுப்புப் பெண்களில் பலர் இன்று பேராசிரியர்களாக இருந்திருப்பார்கள். ஒரகடத்தில் வேலை பார்க்கும் பி.இ. முடித்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. கேட் தேர்வில் தேறி எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. 1949-ல் சி. ராஜம் தொடங்கிய, அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம். ஒரகடத்திலிருந்து அது தூரமில்லை.

அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 18,720 பேர் தங்கலாம். ஒரு சிறு நகரத்தின் பெண்கள் அத்தனை பேரும் ஒரே வளாகத்தில். அங்கே மூன்று ஷிப்டுக்கும் திறந்திருக்கும் ஒரு படிப்பகம் இருக்கட்டும். இரவு 10 மணிக்கு வேலை முடிந்து வருகிறவள் 11 மணிக்கு உட்கார்ந்து படிக்க ஒரு விளக்கும் மேசையும் வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கற்றல் மையம் ஒன்று ஒரகடத்திலேயே நடக்கட்டும், தொடர்பு வகுப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் வரட்டும். தேர்வு நாளுக்கு ஷிப்ட் மாற்றிக் கொடுப்பதைக் கம்பெனிகள் சலுகையாக நினைக்காமல் வழக்கமாக்கட்டும். புதுமைப் பெண்ணின் ஆயிரம் ரூபாய் முதுநிலை வரை நீளட்டும். ஆய்வு மாணவரின் உதவித்தொகை மாதா மாதம் வரட்டும். அது தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் ஒரு டீக்கடைக்காரர் தன் கைக்காசைப் போட்டுப் பல்கலைக்கழகத்தை நடத்துகிறார்.

போன வியாழக்கிழமை அவள் போன் செய்தாள். அஞ்சல் வழி எம்.எஸ்சி. கணிதத்துக்கு விண்ணப்பிக்கத் தயாராகிவிட்டாள், கூடவே இயற்பியல் படித்த தோழியும் எம்.சி.ஏ. பார்க்கிறாள். ஒரு சிக்கல், டி.சி.யும் ஒருங்கிணைந்த மதிப்பெண் சான்றிதழும் இன்னும் கல்லூரியிலேயே இருக்கின்றன. வாங்கப் போகவே நேரம் கிடைக்கவில்லையாம். இந்த வாரம் ஷிப்ட் மாறும்போது விழுப்புரம் போகிறாள். இதைப் படிக்கும் பிள்ளைகளே, நீங்களும் முதலில் அதைச் செய்யுங்கள். உங்கள் மூலச் சான்றிதழ்கள் கல்லூரியிலோ, கம்பெனியிலோ, கடன் கொடுத்தவரிடமோ இருந்தால் இந்த மாதமே போய் வாங்கி உங்கள் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் எம்.எஸ்சி. கணிதம், எம்.சி.ஏ. பாடப்புத்தகங்களோ நெட் தேர்வுக்கான நூல்களோ சும்மா இருந்தால், பழையதானாலும் பரவாயில்லை, நம் அலுவலக முகவரிக்கு அனுப்பிவையுங்கள். அட்டை கிழிந்திருந்தால் காலண்டர் தாளில் அவளே அட்டை போட்டுக்கொள்வாள்.

அன்புடன்,
ஆசிரியர்